பூட்டிய காம்பராவும் கணக்கில் சேரும்: மலையகத் தோட்டங்களில் சுகாதார ஆய்வுக்குப் போகும் புதியவர்களுக்கு

உயர்தரம் எழுதிவிட்டு வீட்டிலிருக்கும் மலையகப் பிள்ளைகளுக்கு இடைக்கிடை இப்படியொரு அழைப்பு வரும். தேசிய மட்டத்தில் ஒரு போசாக்கு ஆய்வோ தொற்றாநோய் ஆய்வோ நடக்கப்போகிறது, தமிழ் பேசும் களப்பணியாளர்கள் தேவை. கொஞ்ச நாள் பயிற்சி, பிறகு தோட்டந்தோட்டமாகப் போய் கேள்வி கேட்டு, பிள்ளைகளை நிறுத்து, அளந்து வரவேண்டும். சம்பளம் பெரிதில்லை, நடை மட்டும் நிறைய. ஆனாலும் போங்கள் என்றுதான் சொல்வேன். தோட்டத்துப் பிள்ளைகளைப் பற்றிக் கொழும்பில் எழுதப்படும் ஒவ்வொரு அறிக்கையும் இந்த வேலையிலிருந்துதான் பிறக்கிறது. 2016இன் குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதற்கும் 17.3 சதவீதம், தோட்டத்துறையில் 31.7 சதவீதம். அந்த இரண்டாவது இலக்கம் வர, யாரோ ஒரு பிள்ளை, காம்பரா என்னும் ஒற்றை அறைகளை வரிசையாக ஒட்டிக் கட்டிய ஏதோவொரு லயத்தின் இஸ்தோப்பில், அதாவது வாசல் திண்ணையில், உயரப் பலகையில் நின்றிருக்கிறது. யாரோ ஒருவர் அதைச் சரியாக வாசித்து எழுதியிருக்கிறார்.

முதலில், யாருக்காக வேலை செய்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். தோட்டத்தில் முதல் கேள்வியே அதுதான்: "எங்கேருந்து வர்றீங்க?" ‘சுகாதார அமைச்சு’ என்று மொட்டையாகச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். பொரளையில் 1900இல் தொடங்கிய மருத்துவ ஆராய்ச்சி நிறுவகம் இருக்கிறது. போசாக்கு, நுண்சத்து சம்பந்தமான தேசிய ஆய்வுகளில் அதன் பெயரைப் பார்ப்பீர்கள். களுத்துறையில் தேசிய சுகாதார விஞ்ஞான நிறுவகம் இருக்கிறது. பி.எச்.ஐ. எனப்படும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள், மிட்வைஃப் எனப்படும் குடும்பநல மருத்துவமாதர் முதலிய களச் சுகாதார ஊழியர்களைப் பயிற்றுவிப்பதும், களத்தில் ஆராய்ச்சி செய்வதும் அதன் வேலை. தோட்டத்துக்கு வரும் மிட்வைஃப் அம்மா எடையும் உயரமும் பார்க்கும் முறைக்கும், உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித்தரும் முறைக்கும் வேர் ஒன்றே.

களுத்துறை நிறுவகத்தின் கதையில் நம் மலைகளுக்கும் ஒரு பங்கு உண்டு. 1916இல் அமெரிக்காவின் ரொக்ஃபெல்லர் மன்றம் இலங்கையின் தோட்டங்களில் கொக்கிப்புழுவை ஒழிக்கும் வேலையைத் தொடங்கியது. லயம் லயமாக மலம் சோதித்தார்கள், மருந்து கொடுத்தார்கள். புழு போனது, திரும்பவும் வந்தது. கக்கூஸ் இல்லாத இடத்தில் வெறுங்காலோடு நடக்கிறவர்களுக்கு மருந்து மட்டும் கொடுத்தால் வேறென்ன நடக்கும்? ஒரு நோயைத் துரத்துவதைவிட ஒரு பிரதேசத்தின் முழுச் சுகாதாரத்தையும் ஒரே இடத்திலிருந்து பார்ப்பது மேல் என்ற முடிவுக்கு அந்த அனுபவமும் ஒரு காரணம். 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு உண்டானது. இன்றைய நிறுவகம் அதிலிருந்து வளர்ந்தது, இன்றைய எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகங்களுக்கும் அதுதான் முன்மாதிரி. உங்கள் வினாக்கொத்தில் "மலசலகூடத்தை நேரில் பார்த்துக் குறிக்கவும்" என்று ஒரு வரி இருக்கும். அதைக் கேட்டு எழுதாமல் எழும்பிப் போய்ப் பாருங்கள். நூறு வருடத்துப் பாடம் அது.

பயிற்சி நாட்களில்

பயிற்சி மண்டபத்தில் தூக்கம் வரும், அது இயல்பு. ஆனால் இரண்டு விஷயத்துக்கு விழித்திருங்கள். ஒன்று, அளவைத் தரப்படுத்தும் சோதனை. பத்துப் பிள்ளைகளைக் கொண்டுவந்து, ஒவ்வொருவரையும் நீங்கள் இரண்டு முறை அளக்கவேண்டும். உங்கள் முதல் அளவுக்கும் இரண்டாம் அளவுக்கும், உங்கள் அளவுக்கும் பயிற்றுநரின் அளவுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பார்ப்பார்கள். இதில் தேறாதவரை அளக்கிற வேலைக்கு விடமாட்டார்கள், கேள்வி கேட்கிற வேலைக்குப் போடுவார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சிலருக்குப் பேச்சு நன்றாக வரும், சிலருக்குக் கை நன்றாக வரும்.

மற்றது, கேள்விகளைச் சொல்லும் விதம். தமிழ் வினாக்கொத்து புத்தகத் தமிழில் இருக்கும். எழுதியபடியே ஒருமுறை வாசியுங்கள், விளங்காவிட்டால் பேச்சில் சொல்லுங்கள். அந்தப் பேச்சை எல்லோரும் ஒரே மாதிரிச் சொல்வதென்று பயிற்சியிலேயே முடிவு செய்யுங்கள். பதுளைக் குழு ஒரு விதமாகவும் ஹட்டன் குழு இன்னொரு விதமாகவும் கேட்டால், பிறகு தெரியும் வித்தியாசம் நோயிலா கேள்வியிலா என்று ஒருவராலும் சொல்லமுடியாது.

கடிதங்கள்

மாகாணப் பணிப்பாளர், பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர், சுகாதார வைத்திய அதிகாரி என்று மேலிருந்து கடிதம் இறங்கிவரும். கிராமத்துக்கு அது போதும். தோட்டத்துக்குப் போதாது. தோட்டம் கம்பனியின் கையில் இருக்கிறது, லயம் நிற்பதும் தோட்டத்து மண்ணில்தான். ஆகவே துரைக்கு, அதாவது தோட்ட முகாமையாளருக்கு, தனிக் கடிதம் வேண்டும். அலுவலகத்துக்கு நேரில் போய்க் கொடுங்கள், பிரதியில் சீலும் திகதியும் வாங்கிக்கொள்ளுங்கள். அதே நாளில் தோட்டத்து டிஸ்பென்சரி டாக்டரய்யாவையும், தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விடும் பிள்ளை மடுவத்தைப் பார்க்கும் சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தரையும் கண்டு பேசிவிடுங்கள். மடுவத்தில் எந்தப் பிள்ளை எந்த லயம், யாருடைய அம்மா கொழும்பில் வேலைக்குப் போயிருக்கிறாள் என்பதெல்லாம் அங்கே ஆயாவுக்கும் அவருக்கும் மனப்பாடம்.

தோட்டக் கமிட்டித் தலைவர்களையும் மறக்கவேண்டாம். டிவிசன் எனப்படும் தோட்டத்தின் ஒரு பிரிவிலேயே இரண்டு மூன்று தொழிற்சங்கம் இருக்கும். ஒருவரை மட்டும் கண்டுவிட்டுப் போனால், மற்றவருடைய ஆட்கள் கதவைத் திறக்கமாட்டார்கள். எல்லோரிடமும் ஒரே கடிதத்தைக் காட்டி, ஒரே கதையைச் சொல்லுங்கள்.

துரையோ கணக்கப்பிள்ளையோ அன்போடு ஒரு கங்காணியைக் கூட அனுப்பி, "இவர் வீடு காட்டுவார்" என்பார்கள். லயம் வரைக்கும் கூட்டிப்போகட்டும், அதற்கு மேல் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். கங்காணி இஸ்தோப்பில் நின்றால், ‘போன மாதம் எத்தனை பேர் போட்டீங்க’ (எத்தனை நாள் சம்பளம் விழுந்தது) என்ற கேள்விக்கும் ‘சாப்பாடு போதாமல் போனதா’ என்ற கேள்விக்கும் கிடைக்கும் பதில் வேறு.

எந்த மாதம், எந்த நேரம்

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மஸ்கெலியா, கினிகத்தேனை, ஹட்டன் பக்கத்தை நனைத்துவிடும். அந்தக் காலத்தில் ஊவாவின் பசறை, அப்புத்தளைப் பக்கம் போகலாம். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை தலைகீழ். அட்டவணை போடுகிறவர் இதைக் கவனிக்காவிட்டால் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். ஒக்டோபர், நவம்பரில் பின்னேரம் இடியும் மழையும் கட்டாயம். மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருந்தால் அந்த டிவிசனுக்குப் போகவேண்டாம், எந்த இலக்கமும் அதற்கு ஈடில்லை. அட்டைக்கு உப்போ சவர்க்காரமோ போதும். குளவிக்கு மருந்தில்லை. கொழுந்து மலை வழியாகக் குறுக்கே நடக்காமல், மக்கள் போகும் பாதையிலேயே போங்கள்.

நேரம்தான் முக்கியமான சங்கதி. காலை எட்டு மணிக்குப் போய்க் கதவு தட்டினால் லயத்தில் இருப்பவர்கள் கிழவர்களும் சின்னப் பிள்ளைகளும்தான். தாய்மார் மலையில் இருப்பார்கள். மலைக்கே போய்க் கேட்கலாம் என்று சில மேற்பார்வையாளர்கள் சொல்வார்கள், கேட்காதீர்கள். முக்கால் மணி நேரம் ஒரு பெண்ணை நிறுத்திவைத்தால் அவள் பறிக்கும் கொழுந்தில் கிலோ குறையும். கிலோ குறைந்தால் அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும். ஆய்வுக்காக யாரும் சம்பளம் இழக்கக்கூடாது. பகல் கொழுந்து நிறுவை முடிந்து பிள்ளைக்குச் சோறூட்ட ஓடிவரும் நேரத்திலும் நீண்ட கேள்விகள் வேண்டாம். அப்போது பெயர் சொல்லி, முகம் காட்டி, "சாயந்தரம் வரட்டுமா அக்கா?" என்று கேட்டு வையுங்கள். மாலை நிறுவை முடிந்து, பீலியில் குளித்து, அடுப்பு மூட்டியபிறகு, ஐந்தரைக்கும் ஏழரைக்கும் இடையில்தான் உங்கள் உண்மையான வேலை நேரம். மற்றது ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு காலை டவுனுக்குப் போவார்கள், பகலுக்குப் பிறகு வீட்டில் இருப்பார்கள்.

இரவில் திரும்பி நடக்கவேண்டியிருப்பதால் தனியாகப் போகக்கூடாது. பெண் பிள்ளைகள் இருவராக, கூடவே வழி தெரிந்த ஒருவர். திரும்புகிற வாகனத்தை முன்கூட்டியே பேசிவையுங்கள். ஏழு மணிக்குப் பிறகு மேல் டிவிசனுக்கு ஆட்டோ வராது.

யார் ஒரு குடும்பம்?

புள்ளிவிபரத் திணைக்களத்தின் கணக்கில் ‘தோட்டம்’ என்பது 20 ஏக்கரோ அதற்கு மேலோ பரப்புள்ள, 10 பேருக்குக் குறையாமல் தொழிலாளர் குடியிருக்கிற பெருந்தோட்டம். உங்கள் கைக்கு வரும் பட்டியல் அதிலிருந்து எடுத்தது. தோட்டத்தை விட்டுப் பக்கத்துக் கிராமத்தில் காணி வாங்கி வீடு கட்டியவர்கள், தேயிலையிலேயே வேலை செய்தாலும், கிராமத்துக் கணக்கில் போவார்கள். அதை நீங்கள் திருத்தப் பார்க்கவேண்டாம்.

நீங்கள் தீர்மானிக்கவேண்டியது குடும்பத்தை. ஒரே உலையில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். சொல்லச் சுலபம். லயத்தில் ஒரு காம்பராவுக்குள் நடுவில் பலகையோ சேலையோ கட்டி, இந்தப் பக்கம் அப்பா அம்மா, அந்தப் பக்கம் கலியாணம் முடித்த மகன் என்று இருப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு கதவு, ஒரு இலக்கம். உள்ளே இரண்டு அடுப்பு. பட்டியலில் அது ஒன்றாக இருந்தாலும், இரண்டு அடுப்பு என்றால் இரண்டு குடும்பம். பயிற்சியில் சொன்னபடி மேற்பார்வையாளருக்கு அறிவித்துக் குறியுங்கள். மாறாக, மூன்று காம்பராவில் படுத்து ஒரே இடத்தில் சாப்பிடும் அண்ணன் தம்பிகளும் உண்டு, அவர்கள் ஒரு குடும்பம். "எத்தனை குடும்பம் இருக்கீங்க?" என்று கேட்காதீர்கள், அட்டைக்கும் நிவாரணத்துக்கும் ஏற்றபடி பதில் மாறும். "இன்னைக்கு யாரெல்லாம் சேந்து சாப்பிட்டீங்க?" என்று கேளுங்கள்.

இனிமேல்தான் இந்தக் கட்டுரையை எழுதவைத்த விஷயம். பட்டியலில் பதினான்காம் இலக்கக் காம்பரா இருக்கிறது. போகிறீர்கள், பூட்டு. பக்கத்துக் காம்பராவில் ஒரு தாயும் கைப்பிள்ளையும் சிரித்துக்கொண்டு இருக்கிறார்கள். "இங்க கேளுங்களேன் தம்பி, எல்லாம் ஒண்ணுதானே" என்கிறார்கள். ஒன்றில்லை. பகலில் வீட்டில் இருக்கும் தாய், வேலைக்குப் போகாமல் பிள்ளையோடு இருக்கமுடிந்த தாய். பூட்டுப் போட்ட காம்பராவின் தாய் மலையில் இருக்கலாம், கொழும்பில் வீட்டு வேலையில் இருக்கலாம், மத்திய கிழக்கில் இருக்கலாம், பிள்ளை பாட்டியிடம் வேறு டிவிசனில் வளரலாம். ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு பக்கத்து வீட்டை மாற்றிப் போட்டுக்கொண்டே போனால், தாய் வீட்டிலிருக்கும் பிள்ளைகளின் எடைதான் தோட்டத்துப் பிள்ளைகளின் எடை என்று அறிக்கையில் வந்து நிற்கும். மிகவும் கஷ்டப்படுகிற பிள்ளைகள், கதவு பூட்டியிருந்த ஒரே காரணத்தால், கணக்கிலிருந்தே காணாமல் போவார்கள்.

ஆகவே பூட்டிய கதவுக்குத் திரும்பப் போங்கள். மூன்று முறை, மூன்று வெவ்வேறு நேரம், அதில் ஒன்றாவது மாலை, ஒன்றாவது விடுமுறை நாள். பக்கத்து வீட்டாரிடம் எப்போது வருவார்கள் என்று விசாரியுங்கள். ஆனால் ஏன் வந்தீர்கள் என்ற விவரத்தைக் கொட்டவேண்டாம். அப்படியும் ஆளில்லை என்றால், ‘ஆளில்லை’ என்று குறித்து, போன நேரங்களை எழுதி மூடிவிடுங்கள். வெற்றுப் படிவம் கொண்டுபோய்க் கொடுத்தால் திட்டுவார்கள் என்று பயப்படாதீர்கள். நேர்மையான வெற்றுப் படிவத்துக்கு ஆராய்ச்சியாளர்களிடம் வழி உண்டு, கணக்கில் ஈடு செய்வார்கள். மாற்றிப் போட்ட வீட்டை அவர்களால் கண்டுபிடிக்கவே முடியாது.

சம்மதம்

தகவல் தாளை வாசித்துக் காட்டி, கையெழுத்தோ பெருவிரல் அடையாளமோ வாங்கவேண்டும். நெறிமுறைக் குழு அனுமதி கொடுத்தபோது போட்ட நிபந்தனை அது, சடங்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். மறுக்கலாம், நடுவில் நிறுத்தலாம், ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லாமல் விடலாம், அதனால் கிளினிக்கிலோ தோட்டத்திலோ எதுவும் குறையாது. இந்த நாலையும் நிறுத்தி நிதானமாகச் சொல்லுங்கள்.

வயதானவர்கள் சிலர் பேப்பரைக் கண்டாலே முகம் மாறுவார்கள். அதைப் படிப்பறிவில்லாத பயம் என்று நினைத்துவிடாதீர்கள். குடியுரிமையைப் பறித்த 1948இன் பிரஜாவுரிமைச் சட்டமும், ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்த 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமும் இந்த லயங்களுக்குள் பெயர்ப் பட்டியலாகத்தான் நுழைந்தன. யாரோ வந்து பெயர் எழுதினார்கள், பிறகு அண்ணன் இந்தியாவுக்குக் கப்பல் பிடிக்கத் தலைமன்னாருக்கு ரயிலேறினான், தம்பி இங்கே நின்றான். அந்த நினைவோடு ஒரு அம்மாயி, "எதுக்கு தம்பி பேரு?" என்று கேட்டால், அவரிடம் அவசரப்படாதீர்கள். பெயர் தனித்தாளில் இருக்கும், கேள்வித்தாளில் இலக்கம் மட்டும்தான் போகும் என்பதை அந்த இரண்டு தாளையும் கையில் கொடுத்துக் காட்டுங்கள். சொல்வதைவிடக் காட்டுவது வேலை செய்யும்.

இன்னொரு பக்கம், அரசாங்கத்தின் ‘அஸ்வெசும’ நிவாரணத்துக்குப் பதிய வந்திருக்கிறார்கள், வீடு கட்டிக்கொடுக்க வந்திருக்கிறார்கள் என்று லயம் முழுக்கக் கதை பரவியிருக்கும். அது உங்களுக்கு வசதியாக இருக்கும், எல்லோரும் வாசலில் வந்து நிற்பார்கள். அப்படியே விட்டுவிடாமல் முதல் வீட்டிலேயே சத்தமாகச் சொல்லிவிடுங்கள்: இதில் காசு, வீடு, அட்டை எதுவும் கிடைக்காது. பாதிப் பேர் போய்விடுவார்கள். மிச்சப் பாதியிடம் கிடைக்கும் பதிலை நம்பலாம்.

தேத்தண்ணி கொடுத்தால் குடியுங்கள். ஒரு நாளைக்கு எட்டு வீடு என்றால் எட்டுக் கோப்பை, வயிறு தாங்காது, ‘அரைக் கோப்பை போதும்’ என்று கேட்டு வாங்குங்கள். வேண்டாம் என்று தள்ளினால், எங்கள் வீட்டுத் தண்ணி இவர்களுக்கு ஆகாதோ என்ற எண்ணம் வந்துவிடும். அந்த எண்ணத்துக்கு இந்த மலையில் பழைய காரணங்கள் உண்டு.

கேள்விகள்

சாப்பாட்டுக் கேள்வியில் பொறுமை வேண்டும். நேற்றுப் பகலும் இரவும் பிள்ளை என்ன சாப்பிட்டது என்றால் "ரொட்டி" என்று ஒரு சொல்லில் முடியும். எழும்பியதிலிருந்து படுக்கும்வரை நடந்துபோங்கள். "எந்திரிச்சதும் என்ன குடுத்தீங்க? மடுவத்துல என்ன குடுத்தாங்க? ரொட்டிக்கு என்ன தொட்டுக்கிட்டான்?" கட்டிச் சம்பல், பருப்பு, ஒரு துண்டு நெத்தலி, காண் ஓரத்தில் பிடுங்கிய கீரை எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். ஆறு மாதம் முதல் இரண்டு வயதுக்குள் உள்ள பிள்ளைக்கு எட்டு உணவுக் கூட்டங்களில் குறைந்தது ஐந்து கிடைத்ததா என்று பார்க்கிறார்கள், தாய்ப்பாலும் அதில் ஒன்று. அந்த நெத்தலித் துண்டை நீங்கள் விட்டால் ஒரு கூட்டமே போய்விடும். சம்பள நாளை ஒட்டிய இரண்டு நாளும், மாரியம்மன் திருவிழாவுக்கு மறுநாளும் இந்தக் கேள்வியை வைக்காதீர்கள். அன்று எல்லா வீட்டிலும் கோழி இருக்கும்.

குடி, அடி, கருத்தடை சம்பந்தமான கேள்விகளுக்கு லயம் மிகவும் மோசமான இடம். பல லயங்களில் காம்பராக்களுக்கு இடையிலுள்ள சுவர் கூரையைத் தொடாது. நீங்கள் தாழ்ந்த குரலில் கேட்பது அடுத்த காம்பராவுக்கும் அதற்கடுத்த காம்பராவுக்கும் கேட்கும். பின்பக்கத்து மரக்கறித் தோட்டத்துக்குப் போய்க் கேளுங்கள். அதுவும் முடியாவிட்டால், பதில்களை இலக்கம் போட்ட அட்டையாகக் கொடுத்து, விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். பெண்ணிடம் பெண்தான் கேட்கவேண்டும். நடுவில் கணவன் வந்தால் உடனே பிள்ளையின் தடுப்பூசிக் கேள்விக்குத் தாவத் தெரிந்திருக்கவேண்டும். அந்தப் பக்கத்தை முன்பே திறந்து வைத்திருங்கள்.

அளத்தல்

பிறந்த திகதியில் தொடங்குங்கள். தாயின் வாயால் வரும் வயதை எழுதாதீர்கள், பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அநேகமாக அது பெட்டிக்குள் பொலித்தீனில் சுற்றிப் பத்திரமாக இருக்கும், அந்த விஷயத்தில் தோட்டத்துத் தாய்மாரைக் குறைசொல்ல முடியாது. தொலைந்துபோயிருந்தால் நிகழ்வு நாட்காட்டியைப் பயன்படுத்துங்கள்: அந்த வருடத் திருவிழாவுக்கு முன்னமா பின்னமா, 2022இல் எண்ணெய்க்கும் கேஸுக்கும் வரிசையில் நின்றபோது வயிற்றிலா மடியிலா. உயரத்தை எவ்வளவு சரியாக அளந்தாலும் வயதில் இரண்டு மாதம் பிசகினால், கட்டையில்லாத பிள்ளை கட்டையாகிவிடும்.

தராசுக்குச் சமதளம் வேண்டும். லயத்துத் தரையில் சமதளம் தேடுவது பெரும்பாடு. ஒரு சதுரப் பலகையும் சின்ன மட்டமும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். இஸ்தோப்பின் சீமெந்து மழைநீர் ஓடுவதற்காகச் சரித்துக் கட்டியது, கண்ணுக்குத் தெரியாது, மட்டத்துக்குத் தெரியும்.

அடுத்தது குளிர். ராகலையில் காலை ஏழு மணிக்குப் பிள்ளையின் உடுப்பைக் கழற்றுங்கள் என்றால் எந்தத் தாய் சம்மதிப்பாள்? இரண்டு சுவெட்டர், குல்லா, காலுறையோடு நிறுத்தால் அந்த எடை பிள்ளையுடையதாக இருக்காது. இதற்கு ஒரு வழி உண்டு. தாய் கம்பளியைப் போர்த்திக்கொண்டு தராசில் ஏறட்டும். இலக்கம் நின்றதும் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். அடுப்படியில் உடுப்பைக் கழற்றிய பிள்ளையை அப்படியே தாயின் கையில் கொடுத்து, அதே கம்பளிக்குள் மூடச் சொல்லுங்கள். இப்போது தராசு காட்டுவது பிள்ளையின் எடை மட்டும். பிள்ளைக்கும் குளிராது, தாய்க்கும் மனம் பதறாது. தாய் இறங்காமல் நிற்கவேண்டும் என்பதை மட்டும் முன்னமே சொல்லிவிடுங்கள்.

இரண்டு வயதுக்குக் கீழே படுக்கவைத்து நீளம், அதற்கு மேலே நிற்கவைத்து உயரம். நிற்கும்போது அளவு சுமார் 0.7 சென்ரிமீற்றர் குறையும். ஆகவே எப்படி அளந்தீர்கள் என்பதைக் கட்டாயம் குறியுங்கள், நீங்களாகக் கூட்டிக் கழிக்கவேண்டாம். பெண் பிள்ளைகளின் கொண்டையையும் கிளிப்பையும் அவிழ்க்கச் சொல்லுங்கள். ஒருவர் முழங்காலையும் குதிகாலையும் பிடிக்க, மற்றவர் தலையைப் பிடித்து வாசிக்கவேண்டும். தனியாக அளந்தேன் என்று யாராவது சொன்னால் அந்த அளவை நம்பாதீர்கள். வாசிப்பதைச் சத்தமாகச் சொல்லி, எழுதுகிறவர் திருப்பிச் சொல்லி, பிறகு எழுதுங்கள். 0.1 சென்ரிமீற்றர் வரை வாசிக்கவேண்டும். களைப்பில் 84.0, 91.5 என்று முழு இலக்கமும் பாதி இலக்கமுமாக எழுதிக்கொண்டு போகிறவர்களைக் கொழும்பில் கணினி முன்னால் இருக்கிறவர் பத்தே நிமிடத்தில் பிடித்துவிடுவார். கடைசி இலக்கங்களை எண்ணிப்பார்த்தால் பூச்சியமும் ஐந்தும் குவிந்து கிடக்கும்.

மேல்கைச் (புயத்தின்) சுற்றளவு நாடாவில் 11.5 சென்ரிமீற்றருக்குக் கீழே வந்தாலோ, இரண்டு பாதத்திலும் அமுக்கினால் குழி விழும் வீக்கம் இருந்தாலோ, மற்ற வேலைகளை நிறுத்திவிட்டு அன்றைக்கே மிட்வைஃப் அம்மாவுக்குச் சொல்லுங்கள். தாயிடம் ஆஸ்பத்திரித் துண்டைக் கையில் கொடுத்து, எங்கே எப்போது போவது என்று சொல்லுங்கள். ஆய்வு இரண்டாம்பட்சம்.

ஒரு சொட்டு இரத்தம்

"ரத்தம் எடுத்து விக்கிறாங்களாம்" என்ற கதை எந்தத் தோட்டத்திலும் உங்களுக்கு முன்னால் போய் நிற்கும். இரத்தச் சொட்டை ஏந்தும் சின்னத் தகடான குவெற்றைக் காட்டுங்கள். அதற்குள் போவது 10 மைக்ரோலீற்றர், அட்டை கடித்த இடத்தில் வழிவதில் சிறு பங்குகூட இல்லை.

குளிர்ந்த விரலில் இரத்தம் வராது. வராதபோது பிழியத் தோன்றும். பிழிந்தால் திசுநீர் கலந்து ஹீமோகுளோபின் குறைவாகக் காட்டும், இல்லாத இரத்தச்சோகையை நீங்களே உண்டாக்கிவிடுவீர்கள். கொழுந்தெடுத்து வந்த கை காய்ப்பேறி, சாயக்கறை படிந்து இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரும் சவர்க்காரமும் கேட்டு வாங்கிக் கழுவச் சொல்லுங்கள், நன்றாகத் துடைத்து உலரட்டும். விரலின் பக்கவாட்டில் குத்தி, முதல் இரண்டு சொட்டைத் துடைத்துவிட்டு, அடுத்து தானாக வரும் சொட்டை எடுங்கள். குமிழி இருந்தால் எறிந்துவிட்டு மறுபடி எடுங்கள். குவெற்றுப் போத்தலை ஒன்று எடுத்தவுடன் மூடிவிடவேண்டும். பனிமூட்டத்தின் ஈரம் மிச்சம் எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

மலையகத்தில் இதற்கு ஒரு தனிக் கணக்கும் இருக்கிறது. உயரம் கூடக்கூடக் காற்றில் ஒட்சிசன் ஐதாகிறது, உடம்பு ஈடுகட்ட ஹீமோகுளோபினைக் கூட்டிக்கொள்கிறது. ஆகவே சமவெளிக்கு வைத்த எல்லையை அப்படியே நுவரெலியாவில் வைக்கமுடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் 2024 வழிகாட்டலின்படி 1500 முதல் 1999 மீற்றர் உயரத்தில் வசிப்பவரின் அளவிலிருந்து டெசிலீற்றருக்கு 1.1 கிராம் கழிக்கவேண்டும், 1000 முதல் 1499 மீற்றர் வரை 0.8. 1868 மீற்றரில் இருக்கும் நுவரெலியா டவுனில் ஒரு பெண்ணுக்கு 12.6 என்று கருவி காட்டினால், கர்ப்பமில்லாத பெண்ணின் எல்லையான 12க்கு மேல் இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டுவிடக்கூடாது. கழித்தால் 11.5, அது சோகை. படிவத்தில் கருவி காட்டிய இலக்கத்தை அப்படியே எழுதுங்கள், கழிப்பது ஆராய்ச்சியாளரின் வேலை. உங்கள் வேலை, அந்த லயம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைச் சரியாகப் பதிவது. ஒரே தோட்டத்தின் கீழ் டிவிசனுக்கும் மேல் டிவிசனுக்கும் இடையில் சில நூறு மீற்றர் இருக்கலாம், அலுவலகத்தின் உயரத்தை எல்லாவற்றுக்கும் போட்டுவிடாதீர்கள். அந்தப் பெண்ணிடம் முடிவைச் சொல்லும்போது மட்டும், குழுவுக்குக் கொடுத்த திருத்த அட்டவணையைப் பார்த்துச் சொல்லுங்கள். கூடவே, சோற்றோடும் இரும்புச்சத்துக் குளிசையோடும் தேத்தண்ணி குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கச் சொல்லுங்கள், தேயிலை இரும்பை உடம்பில் சேரவிடாது. தேயிலை பறிக்கிறவளிடமே போய் இதைச் சொல்லவேண்டியிருக்கிறது, என்ன செய்ய.

ஊசியையும் குவெற்றையும் கூர்ப்பொருள் பெட்டியில் போட்டுத் திருப்பிக் கொண்டுபோங்கள். லயத்துக் காணில் ஒன்றுகூட விழக்கூடாது, பிள்ளைகள் வெறுங்காலோடு விளையாடும் இடம் அது.

இரவில்

அன்றைய படிவங்களை அன்றைக்கே சரிபாருங்கள். நாளைக்கு அதே லயத்துக்குப் போகமுடியும், அடுத்த வாரம் முடியாது. டெப்லட்டில் பதிந்ததை அனுப்ப சிக்னல் தேடி அலையவேண்டிவரும். பெரும்பாலும் கோயில் மேடோ பாடசாலை மைதானமோதான் கைகொடுக்கும், எந்த இடம் என்று தோட்டத்துப் பையன்களைக் கேளுங்கள். குளிரில் பற்றரி சீக்கிரம் இறங்கும், இரவில் போர்வைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

புறப்படுமுன் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டு வாருங்கள்: சில வீடுகளுக்கு நாலைந்து நாளில் வேறு இருவர் வந்து, ஒன்றிரண்டு கேள்வியைத் திரும்பக் கேட்டு, பிள்ளையை மறுபடி அளப்பார்கள். அது உங்கள் வேலையைச் சரிபார்க்கும் குழு. முன்கூட்டியே சொல்லாவிட்டால், முதலில் வந்தவர்கள் கள்ளர்களோ என்று லயமே கூடிவிடும், துரையிடமிருந்து மேற்பார்வையாளருக்குப் போன் போகும், அடுத்த டிவிசனுக்கான அனுமதி ஒரு கிழமை தள்ளிப்போகும்.